நாலாவது தட்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பெங்களூர் அடுகோடியில் முப்பது வருடம் லேத் பட்டறை நடத்தியவன், அளந்து பார்க்க முடியாத எதையும் நம்பியதில்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். அங்கே ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டுக்கு மணி அடிப்பதில் ஒரு முறை உண்டு. கீழேயிருந்து மூன்று அடித்தால் ஆட்கள் ஏறுகிறோம் என்று அர்த்தம், மேலே இருப்பவர் அதே மூன்றைத் திருப்பி அடித்தால்தான் கூண்டு நகரும். அப்பா ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போதும், கதவு திறந்தே கிடந்தாலும் மூன்று தட்டுவார். அம்மா அடுப்படியிலிருந்தே கரண்டியால் பித்தளைச் சொம்பில் மூன்று தட்டுவாள், கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக நாலாவது ஒன்று. அது எந்தச் சுரங்கத்திலும் கிடையாது, சோறு சூடாக இருக்கிறது, வா என்பதற்காக அவளாகச் சேர்த்துக்கொண்டது. அது கேட்ட பிறகுதான் அப்பா பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருவார். அவர் சட்டையின் ஈர மண் வாசனையும் அந்த நாலு தட்டும் இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அம்மா போன பிறகு அவரை என் விவேக் நகர் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வயதாக ஆக நினைவு தடுமாறியது. திறந்திருக்கும் என் அறைக் கதவில் மூன்று தட்டிவிட்டு அப்படியே நிற்பார். பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். செய்யவில்லை.

"தொறந்துதான்பா இருக்கு, உள்ள வா" என்று எரிந்து விழுவேன்.

கடைசி நாளில் நான் போனில் ஒரு கஸ்டமரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று தட்டினார். மறுபடியும் மூன்று. இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். பேசி முடித்துத் திரும்பினால் ஆள் இல்லை, போய்ப் படுத்துவிட்டிருந்தார். அன்று சாயந்திரமே உயிர் போய்விட்டது. ஐந்து வருடமாக அந்தத் தட்டு என் காதைவிட்டுப் போகவில்லை, ஒரு நிமிஷம் எழுந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று என்னையே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

போன ஜூனில் மகள் எங்களைக் கிரேக்க நாட்டுக்கு அழைத்துப் போனாள். நாக்சோஸ் என்று ஒரு தீவு. எல்லோரும் கடற்கரையில் படுத்துக் கிடக்கத்தான் வருகிறார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய கோயில் ஒன்றின் பளிங்கு வாசல் மட்டும் நிற்கிறது, கோயிலைக் காணோம், அந்த வெறும் வாசலைப் பார்க்கவே அவ்வளவு கூட்டம். நான் கேட்டது வேறு. என் பட்டறையில் இரும்பை மெருகேற்ற ஆயுசு முழுக்கத் தேய்த்தேனே எமரி பேப்பர், அதற்கான எமரிக் கல்லை ஒரு காலத்தில் அந்தத் தீவின் மலையில் தோண்டினார்களாம். பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

"கோலார்ல பாக்காத குழியா? இதுக்கா பிளேன் ஏறி வந்தோம்?" என்றாள் என் மனைவி லதா.

அன்று வியாழக்கிழமை, மதியம் ஒன்றரை மணி, நல்ல வெயில். லதாவும் மகளும் மலைக் கிராமத்து ஓட்டலில் உட்கார்ந்துவிட்டார்கள், நான் மட்டும் கீழே நடந்தேன். சரிவில் சுரங்க வாய், பூட்டிய கம்பிக் கதவு, வெளியே துருப்பிடித்த தள்ளுவண்டி ஒன்று. உள்ளேயிருந்து சில்லென்று காற்று வந்தது, அதில் அப்பா சட்டையின் வாசனை. எல்லாச் சுரங்கமும் இப்படித்தான் மணக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அப்போது உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. மூன்று.

தண்ணீர் சொட்டுகிறது என்று நினைத்தேன், இல்லை ஆடு ஏதாவது மாட்டிக்கொண்டதோ என்றும் பார்த்தேன். மறுபடியும் மூன்று. நம்பினால் நம்புங்கள், அளப்பதே என் தொழில், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் அப்பா விடுகிற இடைவெளி எனக்குத் தப்பாது. எனக்குப் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஒரு கல்லை எடுத்து அந்த வண்டியில் மூன்று அடித்தேன்.

"ஏறுப்பா" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

நாலாவதுக்குக் கையை ஓங்கினேன், அடிக்க வரவில்லை. அது அம்மாவுடையது. உள்ளே சத்தம் அடங்கிவிட்டது, ஆனால் ஆள் போன மாதிரி இல்லை, அறைவாசலில் நிற்பாரே, அப்படி நிற்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் காற்றும் நின்றது, வாசனையும் போய்விட்டது. ஓட்டல்கார அம்மாவிடம் மகளை விட்டுக் கேட்டேன். அது மலைக்குள் நேராகக் குடைந்த வழி, கூண்டும் மணியும் அங்கே இருந்ததே இல்லை, பூட்டிப் பல வருடமாகிறது என்றாள். நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பெங்களூர் திரும்பி வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டிருக்கும்போது எதிர்வீட்டு மேரி அக்கா வந்தார்.

"ஏன் தம்பி, வீட்ல யாரையாச்சும் விட்டுட்டுப் போனீங்களா?"

"இல்லையேக்கா, ஏன்?"

"போன வியாழக்கிழம கோயிலுக்குக் கெளம்பிட்டிருந்தேன், நாலு மணி இருக்கும். உங்க சமையல் ரூம்ல கரண்டியால பாத்திரத்துல தட்டுற மாதிரி சத்தம்."

நம்மூர் நாலு மணிக்கு அங்கே ஒன்றரை. நான் அடித்ததுதான் இங்கே கேட்டதோ என்று நினைத்து, "மூணு தட்டாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா, ஒண்ணே ஒண்ணு. மெதுவா. அப்புறம் யாரோ பூட்ஸ் கழட்டிப் போடுற மாதிரி, தொப்பு தொப்புன்னு ரெண்டு தரம். நீங்கதான் சீக்கிரமா வந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

அம்மாவின் சொம்பு பரண்மேல் சாக்கில் கட்டிக் கிடக்கிறது, முடிச்சு அவிழவில்லை, பார்த்துவிட்டேன். அப்பா வந்து சேர்ந்துவிட்டார் என்று எனக்கு நிம்மதிதான், அதை மறைக்கவில்லை. ஆனால் தங்கவயலை விட்டு அம்மா வெளியே எங்கும் போனவள் இல்லை, இந்த வீட்டை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவளுக்கு யார் வழி சொன்னார்கள்?