போன் செய்யாமல் வந்த வாடிக்கையாளர்

கீழே இருந்த பாத்திரக் கடை இடம் மாறிப் போகாமல் இருந்திருந்தால், நாங்கள் இணையத்தில் விற்பனை தொடங்கியிருப்போமா என்பது சந்தேகம்தான்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே இருந்த பாத்திரக் கடையில், ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து குளித்துவிடலாம் போன்ற பிரியாணி அண்டாக்களை வாசலில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நாங்கள் விற்றதும் சமைப்பவர்களுக்கான பொருள்தான், ஆனால் கையால் தட்டிப் பார்த்து வாங்க முடியாதது. சின்ன கேட்டரிங்காரர்களுக்கான ஒரு மென்பொருள். எத்தனை பேருக்குச் சாப்பாடு, என்னென்ன பதார்த்தம் என்று சொன்னால் அரிசி, எண்ணெய், வெங்காயம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுத் தரும். எந்த ஆர்டர் எப்போது கிளம்ப வேண்டும் என்று மணியடித்து நினைவூட்டும். பில்லும் போடும். அண்டா வாங்க வருபவர்கள் படிக்கட்டுப் பக்கம் மாட்டியிருந்த எங்கள் பலகையைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வருவார்கள். எங்கள் வியாபாரத்தில் பாதி அப்படித்தான் நடந்தது.

நாங்கள் மூன்று பேர். முதலாளி ஒரு பெரிய கேட்டரிங் நிறுவனத்தில் பல வருடம் கணக்குப் பார்த்தவர். ஒரு நாள் சோறு மிஞ்சிக் குப்பைக்குப் போவதையும், மறுநாள் பற்றாமல் கடைசிப் பந்தி காத்திருப்பதையும் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். புரோகிராம் எழுதுபவர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். மனைவியோடு செங்காங்கில் வாடகைக்கு இருந்தார். என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். மூன்றாவது ஆளான எனக்கு விற்கும் வேலை. போனில் பேசுவேன். யாராவது சரி என்றதும் தம்ப்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். சமையற்கூடத்தின் மூலையில் இருக்கும் எண்ணெய் படிந்த கணினியில் மென்பொருளை ஏற்றி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். எனக்குப் பேச வரும். "உங்க வாய்தான்மா நம்ம கம்பெனியோட முதலு" என்பார் முதலாளி. நானும் அதை அப்படியே நம்பியிருந்தேன்.

இணையத்தளம் என்று ஒன்று இருந்தது. ஒரே பக்கம். ஒரு சமையல்காரர் சிரித்துக்கொண்டிருக்கும் படம், கீழே நாலு வரி, அதற்கும் கீழே 'விவரங்களுக்கு அழைக்கவும்' என்று என் கைபேசி எண்.

பாத்திரக் கடைக்காரர் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று ஒரு தொழிற்பேட்டைக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் கைபேசி உறை விற்கும் கடை வந்தது. உறை வாங்க வந்த யாருக்கும் மாடியேறி வரும் தேவை இருக்கவில்லை. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் அது தபால்காரர்தான் என்றாகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை முதலாளி எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

"வெப்சைட்லயே வித்துடலாம். பாக்குறாங்க, பட்டன அமுக்குறாங்க, பே பண்றாங்க, டௌன்லோட் பண்ணிக்கிறாங்க. முடிஞ்சது."

"நம்ம கஸ்டமர்ஸ் அப்படியெல்லாம் வாங்க மாட்டாங்க சார்," என்றேன். "பக்கத்துல உக்காந்து ஒரு தடவ சொல்லிக் கொடுத்தாத்தான் அவங்களுக்குத் தைரியம் வரும்."

"வர்ற ஆளையே காணோமே லா. யாருக்குச் சொல்லிக் கொடுக்கப் போறீங்க?"

அன்று சாயங்காலம் சுவா சூ காங்கில் இருக்கும் என் வீட்டுக்கு ரயிலில் நின்றுகொண்டே போகும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டனே விற்றுவிடும் என்றால் எனக்கு அங்கே என்ன வேலை? ஐம்பதை நெருங்கும் வயதில் எந்த அலுவலகத்தில் போய் "எனக்கு நன்றாகப் பேச வரும்" என்று சொல்வது?

அடுத்த வாரம் தம்பி புதுப் பக்கத்தின் மாதிரியைக் காட்டினார். பல பயனர் வசதி, தானியங்கிக் கணிப்பு, மேம்பட்ட அறிக்கைகள் என்று திரை முழுக்க அடுக்கியிருந்தார். படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி, இத யாரு படிப்பா?"

"எல்லா அம்சமும் போட்டிருக்கேனே அக்கா."

"அம்சம் இருக்கு. சாப்பாடு எங்க?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "சரி, நீங்க ஒரு கிச்சனுக்குள்ள போனதும் முதல்ல என்ன சொல்வீங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். போன வாரம் எவ்வளவு சோறு மிச்சமாச்சுன்னு கேப்பேன்."

அதை அப்படியே தட்டச்சு செய்து பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில் போட்டார். 'போன வாரம் எவ்வளவு சோறு மிச்சமானது?' தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. "அப்புறம்?" என்றார். அப்புறம் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கல்யாண ஆர்டரில் கடைசி நேரத்தில் ஆள் கூடினால் என்ன செய்வது, சைவப் பாத்திரத்தையும் அசைவப் பாத்திரத்தையும் எப்படிப் பிரித்துக் குறிப்பது, வெங்காயம் விலை ஏறினால் பழைய விலையில் பில் போடாமல் எப்படித் தப்பிப்பது. சமையற்கூடங்களில் நின்று நான் பேசிய பேச்செல்லாம் எழுத்தாக இறங்கியது. அந்த மூன்று நான்கு நாட்கள் எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தன. ரயிலில் வந்த பயம் கொஞ்சம் விலகி நின்றது.

முதலாளிக்கு வேறு பயம். "ஒருத்தன் வாங்கிட்டு ஊருக்கே காப்பி போட்டுக் கொடுத்துட்டா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறியீடு மின்னஞ்சலில் போகும், அதைத் தட்டினால்தான் மென்பொருள் திறக்கும், ஒரு குறியீடு ஒரு கணினிக்கு மட்டும்தான் என்று தம்பி விளக்கினார். பிறகு என்னிடம் திரும்பி, "அக்கா, நீங்க ஒரு கஷ்டமான கஸ்டமரா நடிங்க. வாங்கிப் பாருங்க" என்றார்.

நடிக்கவே தேவைப்படவில்லை. என் பழைய கைபேசியில் பணம் கட்டும் பட்டன் திரைக்குக் கீழே ஒளிந்துகொண்டது. குறியீடு வந்த மின்னஞ்சல் குப்பை மடல்களோடு போய்க் கிடந்தது. அதைத் தேடி எடுத்துத் தட்டினால் 'தவறு' என்றது. திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அதில் இருந்தது பூஜ்யம் இல்லை, ஆங்கில ஓ.

"மாவு கையோட இருக்குற ஆளுக்கு ஓ எது, பூஜ்யம் எதுன்னு எப்படித் தெரியும்? ரெண்டையும் எடுத்துடுங்க!"

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். எடுத்துவிட்டார். ஒன்று என்ற எண்ணும் அதைப் போலவே இருக்கும் எழுத்துகளும்கூட வெளியே போயின. கடைசியில் நான் எந்தச் சிக்கலும் இல்லாமல் வாங்கி முடித்தபோது, முதலாளி தேக்கா சந்தையிலிருந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் மூன்றை, பையில் கட்டித் தாப்பாவ் வாங்கி வந்தார்.

பக்கத்தைத் திறந்துவிட்டோம். வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள் என்று தம்பியின் திரை சொன்னது. வாங்கவில்லை. விற்பனை நடந்தால் ஒலிக்கும்படி முதலாளி தன் கைபேசியில் ஒரு சத்தம் வைத்திருந்தார். அதை மேசை நடுவில் வைத்துக்கொண்டு, வேலை செய்வதுபோல் நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "நான்தான் சொன்னேனே" என்று சொல்லும் ஆசை எனக்கு வரவே இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்தவை என் வார்த்தைகள் அல்லவா.

ஒரு மத்தியானம், முதலாளி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. அவர் ஈரக் கையோடு ஓடி வந்தார். கிளமெண்டியிலிருந்து ஒரு பெண், தமிழ்ப் பெயர், முன்பின் தெரியாதவர். ஒரு வார்த்தை பேசாமல், ஒரு கேள்வி கேட்காமல் வாங்கியிருந்தார்.

பழக்கதோஷம், நான் உடனே போனை எடுத்து அவருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "மன்னிக்கவும், எனக்குக் காது கேட்காது. மெசேஜ் அனுப்புங்க."

படித்ததும் கூசிப்போனேன். வாங்கியதற்கு நன்றி என்றும், ஏதாவது உதவி தேவையா என்றும் எழுதினேன். பதில் உடனே வந்தது. வீட்டிலிருந்தே மதியச் சாப்பாட்டுப் பெட்டிகள் செய்து கொடுக்கிறாராம். பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்கள்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். இப்படி ஒரு மென்பொருளை ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம். பிறகு இன்னொரு செய்தி: "எல்லா வெப்சைட்லயும் 'கால் பண்ணுங்க'ன்னு போட்டிருக்கு. உங்க பழைய பேஜ்லயும் அதுதான் இருந்துச்சு. இப்ப பட்டன் இருக்கு. வாங்கிட்டேன்."

அதை நான் மற்ற இருவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். முதலாளி என் கையிலிருந்து போனை வாங்கித் தானே ஒருமுறை படித்தார்.

சில நாள் கழித்து அந்தக் கிளமெண்டிப் பெண்ணிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. ஆர்டர் கிளம்ப வேண்டிய நேரத்தில் மென்பொருள் மணியடிக்கும் என்று போட்டிருக்கிறதே, மணிக்குப் பதிலாகத் திரை மின்னும்படி செய்ய முடியுமா? தம்பியிடம் காட்டினேன். "செய்யலாம் அக்கா. ஆனா எவ்வளவு தூரத்துலேருந்து தெரியணும்? அவங்க அடுப்பு எங்க இருக்கு, கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

அவரிடம் கேட்டோம். வந்து பாருங்களேன் என்று எழுதினார். நானும் தம்பியும் போனோம்.

கிளமெண்டியில் அவர் வீடு பன்னிரண்டாம் மாடியில் இருந்தது. அழைப்பு மணியை அழுத்தியதும் உள்ளே ஒரு விளக்கு எரிந்து அணைந்தது, கதவு திறந்தது. என்னைவிடச் சில வயது இளையவர். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்பில் எதையோ தாளிப்பில் விட்டுவிட்டு வந்திருந்தார். எங்களை உட்காரச் சைகை காட்டிவிட்டு உள்ளே ஓடினார். எனக்கு வாய் திறந்தது, மூடிக்கொண்டது. பேசியே பிழைத்தவளுக்கு அந்த வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. தம்பிதான் தயங்காமல் கைபேசியில் தட்டி அவருக்குக் காட்டினார். அவர் படித்துவிட்டு அடுப்பைக் காட்டினார், மடிக்கணினியைக் காட்டினார், தன் கண்ணைக் காட்டிவிட்டு முதுகைத் திருப்பி நின்றார். அடுப்பைப் பார்த்து நிற்கும்போது திரை அவருக்குப் பின்னால் இருந்தது.

மடிக்கணினியை எங்கே வைத்தாலும் எண்ணெய் தெறித்தது, அல்லது வெளிச்சம் பட்டுத் திரை தெரியவில்லை. கடைசியில், திரை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பளிச் பளிச் என்று மின்னினால் எதிர்ச் சுவரில் பதித்திருக்கும் வெள்ளை டைல்ஸில் வெளிச்சம் விழும், அது அடுப்பைப் பார்த்துக்கொண்டே தெரியும் என்று தம்பி கண்டுபிடித்தார். அங்கேயே உட்கார்ந்து எழுதினார். முதன்முதலில் சுவர் ஆரஞ்சாக மின்னியபோது அந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். கைதட்டுகிறார் என்று எனக்குப் புரிந்தது. நாங்களும் கையைத் தூக்கி ஆட்டினோம். எலுமிச்சைச் சோறும் மிளகாய்ச் சம்பலும் சாப்பிடாமல் அவர் எங்களை விடவில்லை.

மின்னும் வசதியை மென்பொருளில் எல்லோருக்குமே சேர்த்துவிட்டோம். பழைய வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த பதில்தான் எதிர்பாராதது. "அந்த மணி எங்களுக்குக் கேட்டதே இல்லீங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுற சத்தத்துல எங்க கேக்குது? இப்பதான் வேன் நேரத்துக்குக் கிளம்புது" என்று ஒருவர் எழுதினார். எத்தனையோ சமையற்கூடங்களில் நின்று அந்த மணியைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறேன். யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

அதற்குப் பிறகு கிளமெண்டிப் பெண் எங்களைக் கேட்காமலேயே ஒரு வீடியோ எடுத்து அனுப்பினார். தன் சமையலறையில் நின்று, சைகை மொழியில் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கியிருந்தார். கீழே எழுத்து ஓடியது. பின்னால் சுவர் ஆரஞ்சாக மின்னியது. விருப்பமிருந்தால் உங்கள் தளத்தில் போடுங்கள் என்று எழுதியிருந்தார். முதலாளி அதைப் பக்கத்தின் மேலேயே போடச் சொன்னார். இப்படி விளக்குவது ஒரு வேலை, அதற்குரிய பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று அவரிடம் பிடிவாதமாக எழுதி ஒப்புக்கொள்ள வைத்ததும் முதலாளிதான்.

விற்பனை ஒரேயடியாகக் கொட்டவில்லை. ஆனால் மேசை நடுவில் இருந்த கைபேசி அவ்வப்போது சத்தம் போட்டது, பிறகு அடிக்கடி போட்டது. ஜொகூரிலிருந்து ஒருவர் வாங்கினார். தன் தம்பிக்குக் காது கேட்காது, அவனோடு சேர்ந்து கடை வைக்கப் போகிறேன் என்று பினாங்கிலிருந்து ஒரு பெண் எழுதிக் கேட்டு வாங்கினார். என் வேலை போகவில்லை. வரும் செய்திகளுக்கெல்லாம் பதில் எழுதுவது இப்போது நான்தான். பேசுவதைவிட எழுதுவது மெதுவாகத்தான் போகிறது. எதிராளி சொல்லி முடிக்கும் முன்பே பதில் சொல்லும் என் பழக்கம் மட்டும் அதில் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சனிக்கிழமைகளில் சைகை மொழி வகுப்புக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். போன வாரம் கிளமெண்டிக்காரரை வீடியோவில் அழைத்து, ரயிலில் வரும்போதெல்லாம் பழகிவைத்திருந்த ஒரு முழு வாக்கியத்தைச் சைகையில் சொன்னேன். இன்று என்ன சமையல் என்று கேட்டதாகத்தான் எனக்கு நினைப்பு. எந்த விரலை எங்கே தப்பாக மடக்கினேனோ, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் என்னதான் சொன்னேன் என்று கேட்டு எழுதினேன். சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, சரியான சைகையைத் திரைக்கு அருகில் வந்து மெதுவாக ஒருமுறை, திரும்பவும் ஒருமுறை செய்து காட்டினார்.