இடப்பக்கம் திரும்பாத வண்டி

துருப்பிடித்த நட்டின் மேல் மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, "அவசரமே இல்ல, நீ மெதுவா வா," என்று அதனிடம் சொல்லிவிட்டு அடுத்த நட்டுக்கு நகர்கிறார் பெரில் மாட்லி. எட்டு நாள் கழித்துத்தான் ஸ்பேனரைப் போடுவார். அசையவில்லையா, இன்னும் மூன்று சொட்டு. சுத்தியலைத் தொடமாட்டார்.

அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி, குள்ள உருவம். இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக். நீள ஸ்க்ரூடிரைவரை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அப்போது பாதிரியாரே வந்து பேசினாலும், "உஷ்!"தான்.

அவர் கொட்டகையில் நிற்பது லாயிட் கேரியர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை பீரங்கி இழுக்க ஓட்டிய, டாங்கி போல இரும்புச் செயின் பட்டையில் ஓடும் வண்டி. இன்று காணக் கிடைப்பதே அரிது. பெரில் கண்டெடுத்தபோது இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பண்ணையொன்றில் கோழிக்கூடாக இருந்தது. பதினோரு வருடமாக அதோடுதான் வாழ்க்கை. கணவர் டெரிக் டீயை வாசற்படியில் வைத்துவிட்டு, "உன் இன்னொரு வீட்டுக்காரர் எழுந்தாச்சா?" என்பார்.

"இருமுறாரு. எழுந்துடுவாரு."

போன வசந்தத்தில் வண்டி எழுந்து ஓடியது. ஆனால் இந்த வண்டியை லீவர்களால்தான் திருப்ப வேண்டும். எந்தப் பக்கச் செயினுக்கு பிரேக் போடுகிறோமோ அந்தப் பக்கம் திரும்பும். இடது பிரேக்கின் இரும்பு டிரம்மில் விரிசல், பிரேக் பிடிக்காது. அதனால் வலப்பக்கம் மட்டுமே திரும்பியது. இடப்பக்கம் போக முக்கால் வட்டம் சுற்ற வேண்டும். வேலியோரம் நின்றவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க. முன்னாடி போகுதில்ல?"

பக்கத்து ஊர் கிளைவ் ரட்கின் தன் வாசற்கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது அதே மாதிரி டிரம். ஆனால் கிளைவ் ஏழு வருடமாக பெரிலோடு பேசுவதில்லை. கிளைவ் அசல் நிறம் என்று ஆசையாய்ப் பச்சை பூசிய பழைய டிராக்டரைப் பார்த்து, கண்காட்சியில் அத்தனை பேர் முன்னால், "பச்சை தப்பு," என்று சொல்லியிருந்தார் பெரில்.

ஒரு ஞாயிறு, உலர்பழம் போட்ட பிளம் ரொட்டியோடு போய்க் கதவைத் தட்டி, உள்ளே நுழைந்து அந்த டிரம்மைக் கேட்டார் பெரில்.

"நிறம் சரிதான்னு சொல்லு. டிரம்மை எடுத்துட்டுப் போ," என்றார் கிளைவ்.

பெரில் திரும்பி, கதவுக்கு முட்டாகக் கிடந்த டிரம்மை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பச்சை தப்புதான், கிளைவ். ஆனா அந்த இன்ஜினை நீ கட்டின மாதிரி எனக்குக் கட்ட வராது. அதையும் அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு."

கிளைவ் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பெயிண்ட் டப்பாவைத் திறந்த அன்னிக்கே எனக்கும் தெரியும். ரெண்டு டப்பா வாங்கித் தொலைச்சுட்டேன், என்ன செய்யச் சொல்றே?" என்றவர், காலால் டிரம்மை உருட்டிவிட்டார். முட்டில்லாத கதவு படாரென்று சாத்திக்கொண்டது. இருவரும் உள்ளே நின்று சிரித்தார்கள்.

ஆகஸ்ட் கண்காட்சியில், அந்த டிரம் மாட்டிய வண்டியில் கிளைவும் ஏறிக்கொண்டார். பெரில் அதன் லீவர்களை யாரையும் தொடவிட்டதில்லை, டெரிக்கைக்கூட. மைதானத்தின் கோடியில் திருப்பம் வந்தது. இடப்பக்கம். கூட்டம் வேலியில் சாய்ந்து எட்டிப் பார்த்தது. பெரில் தன் இடக்கையை எடுத்தார். கிளைவின் கையைப் பிடித்திழுத்து இடது லீவரின் மேல் வைத்தார்.