ஹனியாவின் கோதுமை வேர்

எங்கள் ஊர் பேஜாவில் ஹனியாவை எல்லோரும் கேலி செய்வார்கள், புருஷனுக்காகக் கோதுமைக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்று. செய்யட்டும், வாய்க்கு என்ன வரியா போட முடியும்? நான் ஆராய்ச்சிப் பண்ணையில் விதைமருந்து கலக்குகிறவன். அவளை ஆறு வருடமாகத் தெரியும்.

அவள் கணவன் தாஹர் கடல் தாண்டி சிசிலிக்குப் பிழைக்கப் போனதே அவர்களுடைய கோதுமை நிலத்தால்தான். மூன்று வருடம் தொடர்ந்து வேர் கறுத்து, கதிர் வெளுத்து, உள்ளே மணியே பிடிக்கவில்லை. "நிலம் தேறட்டும், அடுத்த கப்பல்லயே வந்துடுறேன்" என்றான். அவள் அதை நம்பினாள்.

எங்கள் பண்ணையின் விதைமருந்துப் பொடியில் இருப்பது மண்ணிலேயே வாழும் நல்ல பாக்டீரியா. விதையில் ஒட்டிக்கொண்டு, வேரைச் சுற்றிக் குடியேறி, நோய்க்காளானை அண்ட விடாது. முதல் வருடம் அவளுக்குக் கொடுத்தேன். வயல் பழையபடியே வெளுத்தது.

"என்னக்கா பண்ணினே?"

"நீ சொன்னபடிதான் தம்பி. அப்புறம் வழக்கம்போல மயில்துத்தம் போட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் காளானுக்குப் பயந்து, துத்தக் கரைசலில் நீலம் ஏறாத விதையை யாரும் மண்ணில் போடமாட்டார்கள். அந்தத் துத்தம் என் பாக்டீரியாவை ஒன்றுகூட விடாமல் கொன்றிருந்தது.

மறு வருடம் துத்தமில்லாமல் விதைத்தாள். "விதைய அம்மணமா விதைக்கிறா பாரு" என்றாள் பக்கத்து வயல் சாலிஹா. ஹனியா காதில் வாங்கவில்லை.

ஏப்ரலில் என் கண்முன்னே ஒரு பயிரைப் பிடுங்கிக் கழுவினாள். வேர் பளிச்சென்று வெள்ளையாக, நோயில்லாமல் இருந்தது. அங்கேயே நின்று தாஹருக்கு வீடியோவில் கூப்பிட்டாள்.

"பாருங்க, ஒரு கறுப்புக்கூட இல்ல. எப்ப வர்றீங்க?"

அவன் வெகுநேரம் வேரையே பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு. அதான் நீயே பாத்துக்கிறியே, ஹனியா. இங்க தக்காளிப் பறிப்பு ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் பேசுறேன்."

அவள் அழவில்லை. அடுத்த பயிரைப் பிடுங்கிக் கழுவினாள். அந்த வருடம் வந்த விளைச்சலை அந்த வயல் அதற்கு முன் கண்டதில்லை. அறுத்து முடித்ததும் சாலிஹாகூட வந்து பொடி கேட்டாள்.

அக்டோபரில், அடுத்த விதைப்புக்கு முன், ஹனியா பண்ணைக்கு வந்தாள்.

"பாதி நிலத்துக்கு மட்டும் குடு தம்பி."

"மீதிப் பாதி?"

"அது கறுத்தே கெடக்கட்டும். அவரு வராததுக்கு ஒரு காரணமாவது இருக்கும்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் பாதிக்குத்தான் கொடுத்தேன்.