சரி செல்லாத ஆட்டம்

கெலமங்கலத்திலிருந்து ராயக்கோட்டை போகும் பஸ்ஸில், அன்று என் சட்டைப் பையில் ஒரு பெரிய இரும்பு நட்டு இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அது நெஞ்சில் இடித்தது. அண்ணன் வீட்டுக்குப் போய், மகள் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்த வருஷம் காலேஜில் சேரப் போகிறாள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்கே வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த நட்டுதான் எங்கள் வீட்டு ஆட்டத்தில் யானை.

மகள் எட்டாவது படிக்கும்போது செய்த ஆட்டம் அது. ஒருவரை ஒருவர் ஜெயிக்காத ஆட்டம் ஒன்றை டீச்சர் வகுப்பில் சொல்லிக்கொடுத்தாராம். ஜெயித்தால் எல்லாரும் ஜெயிப்போம், தோற்றால் எல்லாரும் தோற்போம். நான் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். கிழிந்த அட்டைப்பெட்டி ஒன்றை போர்மேனிடம் கேட்டு வாங்கி வர எனக்கு மூன்று நாள் ஆனது. அதில் அவள் கட்டம் போட்டு ஒரு பக்கம் காடும், மறுபக்கம் ராகி விளையும் கொல்லையும் வரைந்தாள். நான், மனைவி, மகள், மகன், நால்வருக்கும் ஆளுக்கொரு புளியங்கொட்டை. ஒவ்வொரு முறை பகடையை உருட்டும்போதும் யானை ஒரு கட்டம் முன்னே வரும். விழுந்த எண்ணை எங்களில் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். யானை வருவதற்குள் கொல்லையின் நாலு மூலையிலும் ஆள் நின்றுவிட வேண்டும். ஒரு மூலை காலியாக இருந்தாலும் ராகி போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆடுவோம். வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்த கண் எரியும். யார் எதைச் சொன்னாலும் நான் "சரி" என்பேன். கம்பெனியிலும் அப்படித்தான். ஷிப்டை மாற்றினால் சரி, நின்று வேலை பார்க்கச் சொன்னால் சரி. ஐந்தாவதோடு நின்றவன் நான். நாலு பேர் பேசும் இடத்தில் நமக்கு என்ன தெரியும் என்றே இருந்து பழகிவிட்டேன்.

"யானையாவது பிளிறும். எங்கப்பா வாயே தொறக்க மாட்டாரு" என்பான் மகன்.

"தூங்கிட்டே ஆடறாருடா, எழுப்பாத" என்பாள் மனைவி.

ஒரு நாள் ஐந்து விழுந்தது. மனைவியின் காய்க்கு இரண்டு கட்டம் போதும். மகனுக்குச் சரியாக ஐந்து தேவை. அது எனக்குத் தெரிந்தது. ஆனால் மகள் அம்மாவுக்கே கொடுக்கலாம் என்றாள். நானும் சரி என்றேன். மகனின் மூலை காலியாகவே கிடக்க, யானை உள்ளே வந்துவிட்டது.

"அப்பா, உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள் மகள்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் சரின்ன? நீ சொல்லாததால நாலு பேரும் தோத்துட்டோம்."

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பேனாவை எடுத்து அட்டையின் ஓரத்தில் எழுதினாள்: நாலு பேரும் சொன்ன பிறகுதான் காயைத் தொட வேண்டும். சரி என்று மட்டும் சொன்னால் செல்லாது.

அவள் பன்னிரண்டாவது முடித்த கோடையில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா போன பிறகு எங்கள் குடும்பத்தில் எதையும் முடிவு செய்பவர் அவர்தான். கெட்ட எண்ணம் இல்லாதவர்.

"பொம்பளப் புள்ள காலேஜுக்குன்னு தெனமும் கிருஷ்ணகிரிக்கு பஸ்ல போயி வரணுமா? கம்பெனி ஒண்ணுல ஆள் எடுக்கறாங்க, ஹாஸ்டலும் இருக்குது. என்னடா சொல்ற?"

சமையலறை வாசலில் நின்று மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிண்ணா" என்றேன்.

அவள் பீரோவின் மேலிருந்த அட்டையை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் போயிற்று. லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டலிலிருந்து வருவாள். நின்றே பார்க்கும் வேலை என்பதால் கால் வீங்கியிருக்கும். வந்ததும் படுத்துவிடுவாள். போன மாதம் மகன் பிடிவாதமாக அட்டையை எடுத்து விரித்தான். அவள் சாப்பாட்டுத் தட்டோடு சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தாள்.

"நாலு விழுந்திருக்குக்கா. அப்பாவுக்குக் குடுக்கலாமா?"

"சரி."

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்று மனைவி கேட்டாள்.

"சரிம்மா."

என் குரல் அவள் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

"நீ காலேஜுல சேந்துடும்மா."

மனைவி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. மகள் நிமிராமலேயே, "சரிப்பா" என்றாள்.

"சரி செல்லாதுக்கா. நீதான எழுதின" என்றான் மகன்.

அவள் நட்டை எடுத்து விரலால் தேய்த்தாள். "எனக்குப் படிக்கணும்" என்றாள். பிறகு, "பெரியப்பாகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

நம்பாமல் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். நட்டை என் கையில் வைத்து, "இத எடுத்துட்டுப் போ. இல்லன்னா அங்க போயி மறந்துடுவ" என்றாள்.

ராயக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனபோது அண்ணன் வாசலிலேயே இருந்தார். "வாடா. என்ன திடீர்னு? உள்ள வந்து மொதல்ல சாப்புடு. எதுவா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம்."

சரி என்பது தொண்டை வரை வந்துவிட்டது. பைக்குள் விரலை விட்டு நட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லண்ணா" என்றேன். "பேசிட்டு சாப்பிடறேன்."