ஜூன் ஒன்றாம் தேதிப் பிறந்தநாள்

அந்நாளைய அமெரிக்க கிரீன் கார்டுப் படத்தில் வலது காது தெரிய வேண்டும் என்பது விதி. என் கணவரின் கார்டில் முகத்தைவிட அந்தக் காதுதான் எடுப்பாக இருக்கும். தொண்ணூறில் வாங்கிய கார்டு. ஓரத்தில் பிளாஸ்டிக் பிரிந்து, பர்ஸின் வளைவுக்கேற்ப வளைந்துபோயிருந்தது. இரண்டாயிரத்தோடு அது காலாவதியாகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவருக்கு அதைப் புதுப்பித்துக்கொண்டால் போதும். "ரினியூ பண்ணிட்டா இன்னும் பத்து வருஷம். எதுக்கு இந்தியன் பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டு நிக்கணும்?" என்பார். டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் எஞ்சினியர் அவர். வேலை செய்துகொண்டிருக்கும் எதையும் மாற்றக்கூடாது என்பது அவர் கட்சி.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்; என் மனம் மாறியதற்குக் காரணம் எங்கள் மகன். நாமக்கல்லில் பிறந்து நாலு வயதில் இங்கே வந்தவன். பதினாறு வயதில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளியின் ஃபுட்பால் ஆட்டம் முடிந்து நண்பனின் காரில் வந்துகொண்டிருந்தபோது போலீஸ் நிறுத்தியது. பின்சீட்டில் பீர் பெட்டி இருந்தது; இங்கே இருபத்தொரு வயது ஆகாதவர்களிடம் அது இருப்பதே குற்றம். இவன் குடிக்கவில்லை, பெட்டியும் இவனுடையதில்லை. ஆனாலும் நான்கு பையன்களையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். நாங்கள் போனபோது ஒரு பெஞ்சில், கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழக்கு எதுவும் போடாமல் எங்களோடு அனுப்பிவிட்டார்கள். மறுவாரம் பார்த்த வக்கீல், இது ஒன்றுமேயில்லை என்றார். ஆனால் கார்டு வைத்திருப்பவர்களுக்குச் சட்டம் இப்போது கடுமையாகிவிட்டது, சின்னக் குற்றத்துக்கும் நாடு கடத்திவிடலாம், அடுத்த முறையும் ஒன்றுமில்லாமல் போகும் என்று சொல்ல முடியாது என்றார். பையனுக்குப் பதினெட்டு முடிவதற்குள் நீங்கள் இருவருமே குடியுரிமை வாங்கிவிட்டால் அவனும் தானாகவே குடிமகனாகிவிடுவான் என்றும் சொன்னார். அன்று மாலையே இரண்டு விண்ணப்பங்களை நானே நிரப்பி, என் கணவர் முன்னால் பேனாவை வைத்தேன். கையெழுத்துப் போட்டார்.

நேர்காணலுக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் அழைப்பு வந்தது. மே மாதக் கடைசி. செப்டம்பரில் மகனுக்குப் பதினெட்டு. அமெரிக்க வரலாறு, அரசியல் பற்றி அதில் கேட்கும் நூறு கேள்விகளையும் சமையலறையில் ஒருவரையொருவர் கேட்டு மனப்பாடம் செய்திருந்தோம். எனக்கு இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவரை வேறு அறைக்குள் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் நேரே வாசலைப் பார்த்து நடந்தார். கார் நிறுத்துமிடத்துக்குப் போனபிறகுதான் சொன்னார்.

"எல்லாம் பாஸ்தான். கடைசியில அந்த ஆஃபீசரம்மா ஃபைலைப் பார்த்துட்டு, நாளன்னிக்கு உங்க பர்த்டேவா, அட்வான்ஸ் விஷஸ்னாங்க."

"சரி?"

"அது என் நிஜப் பர்த்டே இல்லைன்னேன்."

அவர் பிறந்தது ஐப்பசியில். பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிரம்பவில்லை என்பதால் தலைமையாசிரியரே ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். அவர் தலைமுறையில் அது சாதாரணம். "எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான். ஸ்கூலே ஒரே கேக்கா வெட்டியிருக்கலாம்" என்று விருந்துகளில் சொல்லிச் சிரிப்பார். பள்ளிச் சான்றிதழிலிருந்து பாஸ்போர்ட்டுக்கும், அதிலிருந்து கார்டுக்கும் அந்தத் தேதியே ஏறி வந்திருந்தது.

"ஏங்க, ஒரு தேங்க்யூ சொல்லிட்டு எந்திரிச்சு வந்திருக்கக் கூடாதா?"

"கையைத் தூக்கி சத்தியம் பண்ணிட்டு உக்காந்திருக்கேன். எனக்கு இல்லாத வாழ்த்தை எப்படி வாங்கிக்கறது, சொல்லு."

இரண்டு வாரத்தில் அவருடைய பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது. அவருடைய அண்ணன் நாமக்கல் நகராட்சிக்கு நடையாய் நடந்து பதிவேட்டு நகல் வாங்கி அனுப்பினார். அதில் பெற்றோர் பெயர் இருந்தது, தேதி இருந்தது. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆண்' என்று மட்டும் இருந்தது. அந்த ஆண் இவர்தான் என்று அண்ணன் நோட்டரி முன்னால் உறுதிமொழி எழுதித் தர வேண்டியிருந்தது. ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. மகனுக்குப் பதினெட்டு முடிந்தது. மூன்று வாரம் கழித்து என் கணவருக்குக் குடியுரிமைப் பிரமாணத்துக்கு அழைப்பு வந்தது. அந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான்கு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.

இனி மகன் தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நவம்பர் கடைசியில் தாங்க்ஸ்கிவிங் விடுமுறையில் கல்லூரியிலிருந்து வந்தவன் அதே மேசையில் உட்கார்ந்து நிரப்பினான். எந்தக் காரணத்துக்காகவாவது போலீஸ் உங்களைப் பிடித்து வைத்ததுண்டா என்ற கேள்வியில் பேனா நின்றது.

"நோன்னு போடுடா கண்ணா. கேஸ் இல்லை, பேப்பர் இல்லை. யாருக்குத் தெரியப்போகுது?"

"அம்மா, இட் ஹாப்பண்ட்."

"உங்கப்பா மாதிரியே பேசாதே."

இதைச் சொல்லும்போது நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் சோபாவில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். மகன் 'யெஸ்' கட்டத்தில் குறியிட்டான். தனியாக ஒரு தாள் எடுத்து, அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை ஆறு வரியில் எழுதினான். அப்போது அவர் எழுந்துபோய் ஸ்டேப்ளரை எடுத்து வந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுபடி செய்தித்தாளுக்குப் போய்விட்டார்.

பதிலுக்குப் பதினொரு மாதம் காத்திருந்தோம். நேர்காணலில் அதிகாரி அந்த ஆறு வரியைப் படித்துவிட்டு, ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் கேட்டாராம். மகன் பிரமாணம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. இருந்தாலும் இன்றும் அரசாங்க உறை ஒன்று தபாலில் வந்தால் அதை நின்றபடி என்னால் பிரிக்க முடிவதில்லை, எங்கேயாவது உட்கார வேண்டியிருக்கிறது. அந்தப் பதினொரு மாதத்தில் ஒரு நாள்கூட நான் சரியாகத் தூங்கவில்லை. அவர்கள் இருவரும் நன்றாகத் தூங்கினார்கள்.