ஏரியில் விட்ட கடல்குதிரை

எங்கள் வீட்டுக்குள் காலை வைத்ததுமே உப்பும் மீன் "கவிச்சி"யும் கலந்த வாடை மூக்கில் ஏறும். கழனியும் ஏரியுமாகக் கிடக்கும் உத்திரமேரூர்ப் பக்கத்தில் கடல் நாறிய ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும். சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் வியாபாரி, வலையில் உயிரோடு சிக்கிய கடல்குதிரை ஒன்றை என் அப்பாவிடம் கொடுத்திருந்தார். அதற்காக வாராவாரம் ஒரு கேன் கடல்தண்ணீரும் கொண்டுவந்து இறக்குவார்.

அப்பாவை நான் "நைனா" என்றுதான் கூப்பிடுவேன். சாயங்காலமானால் நைனா கொசுவலைத் துணியோடு ஏரியில் இறங்கி, "கூனி" என்கிற பொடி இறாலை அரித்துக்கொண்டு வந்து, அதற்குத் தீனியாகக் கண்ணாடித் தொட்டியில் உயிரோடு விடுவார். கடல்குதிரை இனத்தில் ஆண்தான் குஞ்சுகளைச் சுமக்கும். அதன் வயிறு உப்பியபோது, பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி அம்மா நைனாவைச் சீண்டினாள்.

என் வாய் சும்மா இருந்ததா? பள்ளிக்கூடத்தில் தம்பட்டம் அடித்தேன். அறிவியல் டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, புலியைக் காக்கும் சட்டம்தான் கடல்குதிரையையும் காக்கிறது, அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம், வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல் என்று நிதானமாகத்தான் சொன்னார். வீட்டில் வந்து சொன்னபோது நைனாவின் காதில் "குற்றம்" மட்டுமே விழுந்தது. அரசு அலுவலகத்தில் தற்காலிக வேலை. நிரந்தர உத்தரவு வரவேண்டிய நேரத்தில் வழக்கு ஒன்று விழுந்தால் எல்லாம் போய்விடும். "தவளை தன் வாயால கெடும்" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். வனத்துறைக்குப் போனால் தானே போய் மாட்டிக்கொள்வது. கடலுக்கோ இரண்டு பஸ் மாறவேண்டும், வழியில் எவனாவது கேனைத் திறந்து பார்த்தால்?

"ஏரிலதான் இதுக்குத் தீனி கீது. பொழச்சிக்கும்" என்றார் நைனா.

தொட்டித் தண்ணீரை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தவள் நான். ஏரியில் உப்பில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஏற்கெனவே பேசிக் கெடுத்தவள், மறுபடி எந்த முகத்தோடு வாயைத் திறப்பேன்? முழங்கால் தண்ணீரில் நின்று நைனா கேனை மெல்லச் சாய்த்ததைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை தனியாகப் போனேன். மதகுப் பக்கம் வயிறு உப்பிய அந்த உடம்பு ஒதுங்கிக் கிடந்தது. குதிகாலால் சேற்றில் அழுத்திப் புதைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

நைனாவின் வேலை நிரந்தரமாயிற்று. ஏரி நிரம்பும் ஒவ்வொரு மழைக்கும், நம் குதிரை இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்கும் என்று சிரிப்பார். போன வருஷம் படுத்த படுக்கையானபோதுதான் ஒருநாள் கேட்டார்:

"நீ படிச்சவ. கடல்ல கீறது ஏரில பொழைக்குமா?"

"பொழைக்கும் நைனா" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

தொட்டி உடைந்து போயிற்று, வீட்டில் அந்த வாடையும் இல்லை. இந்த ஐப்பசியில் ஏரி நிரம்பி, உபரித்தண்ணீர் போகும் கலங்கல் வழிகிறது. குதிரையைப் பற்றிக் கேட்கத்தான் ஆள் இல்லை.