என் அப்பா பெயருக்கு வந்த படிப்பு

வெளிநாட்டில் படிக்க எனக்கு இடம் கிடைத்திருப்பதாக வந்த மின்னஞ்சல், ‘டியர் மிஸ்’ என்று தொடங்கி, அதற்கடுத்து என் அப்பாவின் பெயரைப் போட்டிருந்தது.

தப்பு என்னுடையதுதான். நம் ஆட்களுக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயருக்கு எங்கே போவது? விண்ணப்பத்தில் ‘கடைசிப் பெயர்’ என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேன் என்று ஒரே அடம். போய்த் தொலை என்று அப்பா பெயரைப் போட்டேன். பொத்தேரி விடுதியில், வேளாண்மைப் பட்டப்படிப்பின் கடைசி வாரத்தில், அறைத்தோழி பக்கத்தில் உட்கார்ந்து விரட்ட விரட்ட நிரப்பியது அது. பாஸ்போர்ட் எடுத்ததுகூட அவள் நச்சரிப்பில்தான். அனுப்பியதோடு மறந்துவிட்டு, கேளம்பாக்கத்தில் ஒரு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தேன். மாடி வீட்டுக்காரர்களுக்குச் செடி விற்று, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றவேண்டும் என்று சொல்கிற வேலை.

மின்னஞ்சல் ஒரு திங்கட்கிழமை வந்தது. ஆராய்ச்சி முதுநிலைப் படிப்பு, இரண்டு வருடம். கடலோர நிலத்தில் உப்பு ஏறுவதைப் பற்றி. கட்டணம் கிடையாது, மாதாமாதம் செலவுக்கு அவர்களே கொடுப்பார்கள், விமான டிக்கெட்டும் அவர்கள் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் என்று எழுதி, பாஸ்போர்ட் நகலை அனுப்பவேண்டும். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அப்பா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது படித்துக் காட்டினேன். எங்கள் ஊர் நெம்மேலிக்கு மேற்கே, கால்வாய் தாண்டி. கிணற்றில் உப்பு ஏறி நெல் கருக ஆரம்பித்த பிறகு, அப்பா மாமல்லபுரத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

“நான் இன்னா மிஸ்ஸா?” என்றார். அம்மா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. “என் பேரு அவனுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான்பா போட்டேன்.”

“அதான பாத்தேன். படிக்கிறவன்தான் டப்பு கட்டணும். சொல்லிக் குடுக்கிறவன் எதுக்குக் கட்றான்? எங்கியோ இடிக்குது.”

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முந்தின வருடம் பேங்கிலிருந்து பேசுவதாக ஒருவன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பிறந்த தேதியையும் சரியாகச் சொல்லி, போனுக்கு வந்த எண்ணைக் கேட்டு வாங்கி, கணக்கை வழித்துக்கொண்டு போயிருந்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: தெரியாதவன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திருடன்.

நானும் அந்த வீட்டுப் பெண்தானே. செவ்வாய்க்கிழமை முழுக்க நர்சரியில் நின்றபடியே துப்புத் துலக்கினேன். மின்னஞ்சல் எழுதிய பேராசிரியரை இணையத்தில் தேடினேன். புகைப்படத்தில் மனிதர் முழங்கால்வரை சேற்றில் நின்றுகொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். சேற்றில் நிற்கிறவர் இவ்வளவு சிரிப்பாரா என்று அதுவும் சந்தேகம். அறைத்தோழிக்குப் போன் போட்டேன்.

“லூசாடி நீ? மொதல்ல ஒத்துக்கினு ரிப்ளை போடு,” என்றாள்.

இவள் ஏன் இப்படித் துடிக்கிறாள், ஆள் பிடித்துக் கொடுத்தால் இவளுக்கு ஏதாவது கிடைக்குமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நான்கு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவளை அப்படி நினைத்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

புதன்கிழமை பேராசிரியருக்கே ஒரு பரீட்சை வைத்தேன். கடைசி வருட ப்ராஜெக்டுக்காக, கடற்கரையிலிருந்து எங்கள் ஊர்வரை பன்னிரண்டு கிணறுகளில் உப்பு அளந்திருந்தேன். விண்ணப்பத்தோடு அதைத்தான் அனுப்பியிருந்தேன். ‘என் அறிக்கையில் எந்தக் கிணற்றில் உப்பு அதிகம்?’ என்று எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. மறுபடியும் டியர் மிஸ், அப்பா பெயர். மூன்றாவது கிணறு என்று சரியாகச் சொல்லியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: ‘ஏழாவது கிணறு, ஒன்பதாவதைவிடக் கடலுக்குப் பக்கம். இருந்தும் அதில் மட்டும் உப்பு ஏன் இவ்வளவு குறைவு?’

அதை நான் கவனித்திருக்கவே இல்லை.

“பதில் கரெக்டா சொல்லிட்டாருப்பா,” என்றேன்.

“சொன்னா நல்லவனாயிடுவானா? என் பொறந்த தேதிகூடத்தான் ஒருத்தன் கரெக்டா சொன்னான். பாஸ்போர்ட் குடுக்கிற வேலையே வேணாம். பேஜாராயிடும்.”

அந்த நியாயம் எனக்கும் சரி என்று பட்டது. என்னை யாரும் கட்டிப்போடவில்லை. போன் என் கையில், பாஸ்போர்ட் என் பெட்டியில். பயந்துகொண்டு நானேதான் அனுப்பாமல் இருந்தேன். வெள்ளிக்கிழமை போயேவிட்டது.

ஆனால் அந்தக் கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஏழாவது கிணற்றுக்குப் போனேன். கிணற்றுக்குப் பின்னால், சீமைக்கருவேல மரங்கள் மறைத்த இடத்தில், ஒரு பழைய தாங்கல், மழைத் தண்ணீர் நிற்கிற சின்ன ஏரி. யாரோ தூர் வாரியிருந்தார்கள். தளும்பிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் ஊறி இறங்கித்தான் கிணற்றுக்குள் உப்பை வரவிடாமல் தள்ளியிருக்கவேண்டும். அடப்பாவி, இதை எப்படி விட்டேன்!

அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. திருட வருகிறவன் ஏழாவது கிணற்றைப் பற்றிக் கேட்கமாட்டான். என் எண்களை உட்கார்ந்து படித்தவன்தான் கேட்பான். கிணற்று மேட்டில் உட்கார்ந்து, தாங்கலைப் படம் எடுத்துச் சேர்த்து, சம்மதம் என்று எழுதி, பாஸ்போர்ட் நகலோடு அனுப்பினேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது. டியர் மிஸ், அப்பா பெயர். வெள்ளிக்கிழமைவரை காத்திருந்ததாகவும், இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விட்டதாகவும் எழுதியிருந்தது. தாங்கல் படம் மிக நன்றாக இருக்கிறதாம். நர்சரியில் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் அப்பா கேட்டார். “என் பேரு போட்டு ஒருத்தன் எழுதிக்கினு இருந்தானே, இன்னா ஆச்சி?”

அவர் முகத்தைப் பார்த்தேன். கணக்கைப் பறிகொடுத்த அன்றைக்கு, ‘என்னை மாதிரி முட்டாள் எவனாவது கீறானா?’ என்று தலையில் அடித்துக்கொண்டவர்.

“ஏமாத்துக்காரங்கதான்பா. நீ சொன்னது சரி.”

மறுநாள் கேளம்பாக்கம் போகும்போது நான் பின்சீட்டில் இருந்தேன். முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் அப்பா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். “எம் பொண்ணு படிச்ச பொண்ணு, அதுக்கே வலை வீசனானுங்க அண்ணாத்த. என் பேரு போட்டே லெட்டரு. நான் உடுவனா?” பிறகு கண்ணாடியில் என்னைத் தேடினார். “இன்னாம்மா, நீயே சொல்லேன்.”

“ஆமாம்பா,” என்றேன்.